கடித்துப் பார்த்த மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் நிறுத்தினாலும் மேஜையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உன் அண்ணனுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. ஒரு சிறுநீரகம் போய்விட்டது, மற்றது நன்றாக இருக்கிறதாம். கட்டியை முழுக்க எடுத்துவிட்டோம், ஆனால் இந்த வகை திரும்பி வரக்கூடியது என்றார் டாக்டர். வராமல் தடுக்க ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். சேருகிறீர்களா என்று கேட்டார். காகிதத்தில் மருந்துக்குப் பெயர்கூட இல்லை, எழுத்தும் நம்பரும்தான். கீழே கம்பெனி பெயரைப் பார்த்ததும் உன் அண்ணன் சிரித்துவிட்டார். "இது நம்ம வீட்டு மருந்துல்ல! இதுக்காகத்தான அவ ஒரு கல்யாணம் காட்சிக்கும் வராம இருந்தா" என்றார். உடனே கையெழுத்துப் போட்டார்.

பிறகுதான் நர்ஸம்மா உட்காரவைத்து விளக்கினாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாதாம். லிஃப்ட் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பாரா? வெளியே வந்ததும், "நாங்க லிஃப்ட்ல ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி மணல் மூட்டையை ஏத்தி ஓட்டிப் பாப்போம். இப்ப நான் ஆளா மூட்டையான்னு தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் நேராகக் கேட்கிறேன். அவர் பெட்டியில் இருப்பது எது? பெட்டியின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் மருந்து, உன் கம்பெனி, உன் அண்ணன். டம்மி என்றால் மாற்றச் சொல். மாமாவுக்குக் கடைசி மாதம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். நீ எங்கோ மேடையில் பேசிக்கொண்டிருந்தாய். இதுவரை அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தை நான் திருப்பவில்லை. திருப்பியிருந்தாலும் பயன் இல்லை. அந்த எண்ணை வைத்து எதையும் கண்டுபிடிக்க என்னால் முடியாது, கம்பெனியில் வேறு யாராலும் முடியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிறது. யாருக்கு எது விழுந்தது என்பது வெளியாட்களிடம் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் சேர்ந்தது தெரிந்த அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தகவல் எதுவும் இனி என் கண்ணில் படாது.

வெறும் மாத்திரை கிடைத்தால் அண்ணனுக்கு எதுவும் பறிபோகவில்லை. இந்த வகைக் கட்டிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்க இப்போது எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு காத்திருப்பதுதான். என் மருந்து நல்லது என்பதும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதனை எதற்கு? இதற்கு முன் இரண்டு மருந்துகளை நல்லவை என்று நம்பினேன். ஒன்று ஈரலைக் கெடுத்தது. இன்னொன்று என்ன செய்தது என்பதே கடைசிவரை தெரியவில்லை. அதன் பிறகு நம்புவதை விட்டுவிட்டேன். எண்ணுவதோடு சரி.

அப்பா படுத்திருந்தது நான் முன்பு வேலை பார்த்த வார்டில்தான். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் கட்டில் கட்டிலாக நின்றுவிட்டுப் போகிற வார்டு. அதை விட்டுக் கம்பெனிக்கு வந்ததை ஓடிப்போனது என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருவரும் அவரவர் நினைப்பிலேயே இருக்கலாம்.

உடம்பில் எந்த மாற்றம் வந்தாலும் அண்ணன் நர்ஸிடம் சொல்ல வேண்டும். எனக்கு எழுத வேண்டாம். நர்ஸிடம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 9

என் அருமை நாத்தனாருக்கு,

நீ சொல்லாவிட்டால் போகிறது. நானே கண்டுபிடித்துவிட்டேன்.

குழந்தைகள் காப்பகத்தில் இத்தனை வருடம் வேலை பார்க்கிறேன். எந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுத்தாலும் முதலில் என் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஞாபகம் வந்தது. உன் அண்ணனிடம், "ஒண்ணக் கடிச்சுத்தான் பாருங்களேன்" என்றேன்.

"கடிக்கக் கூடாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கே."

"எட்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு லிஃப்ட்லகூடத்தான் போட்டிருக்கு. ஏறாமலா இருக்காங்க?"

கடித்தார். முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! வாஷ்பேசினுக்கு ஓடினார். உதட்டில் ஒட்டியிருந்த துணுக்கை எடுத்து நானும் நாக்கில் வைத்தேன். அம்மாடி, அது என்ன கசப்பு! மத்தியானம் வரை எச்சில் விழுங்க முடியவில்லை. டம்மி மாத்திரைக்கு யாராவது மெனக்கெட்டு இவ்வளவு கசப்பை வைப்பார்களா? மாவைப் பிடித்து உருட்டி அனுப்புவார்கள். இது மருந்து. அசல் மருந்து.

காத்திருக்கும் அறையில் எங்களோடு உட்காருகிறவர்களிடமும் சொன்னேன். எந்த நாளும் குடை இல்லாமல் வராத ஒருவர் இருக்கிறார், குடைக்காரர் என்றே கூப்பிடுவோம். அவர் வீட்டில் கடித்துப் பார்த்தாராம், கசப்பு. நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்கும் கசப்பு. இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே. அந்த அறையில் முதல் தடவையாக நேற்றுச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நூலகத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாத்தனாரு பாத்து நம்ம ஆஸ்பத்திரிக்கு மட்டும் நல்லதா அனுப்பியிருக்காங்க போல" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நீ வாயைத் திறக்காமலே செய்துவிட்டாயோ என்று இப்போதும் ஒரு சந்தேகம்.

உன் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். நன்றாகத் தூங்குகிறார். நான் சொன்னது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணி,

இனி யாரும் மாத்திரையைக் கடிக்கக் கூடாது. தயவுசெய்து.

கடித்துப் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம். ஏன் என்று என்னால் எழுத முடியாது. அந்தப் பெட்டிகளில் யாருக்கு என்ன போக வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் கையும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அலுவலகத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் சிலர் கடித்துப் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும். வேறு வழி இருந்தால் செய்திருப்பேன்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்


மே 6

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் புகார் வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது நர்ஸம்மா நடுவில் வந்து நின்றாள். "மாத்திரையக் கடிக்கச் சொன்னது யாரு? படிச்சவங்கதான எல்லாரும்? இன்னொரு தடவை ஏதாவது வம்பு வந்துச்சுன்னா பேரை லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க, அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பத்தாவது மாடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனுஷன், ஸ்கூல் பையன் மாதிரி நின்றார். நூலகத்து அம்மா இப்போது எங்கள் பக்கம் உட்காருவதில்லை.

பெயர் சொல்லவில்லை என்கிறீர்கள். அந்த அறையில் மருந்துக் கம்பெனியில் நாத்தனாரை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

ஒன்று மட்டும் கவனித்தேன். அது டம்மி என்று நீங்கள் எழுதவில்லை. இவரிடமும் அதைத்தான் சொன்னேன். அது எங்களுக்குப் போதும். இனி நமக்குள் கடிதம் வேண்டாம். இங்கே நடக்கிற எதையும் உங்களுக்குத் தெரிவிப்பதாக இல்லை. தெரிவித்தால் அடுத்து அது யாருக்குப் போகும் என்று தெரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி


செப்டம்பர் 22

திரும்பி வந்துவிட்டது. முதுகெலும்பில்.

இனி மறைக்க வேண்டியதில்லை என்று பூட்டைத் திறந்து பார்த்துச் சொன்னார்கள். இவருக்குக் கொடுத்தது டம்மி. முதல் நாளிலிருந்து.

ஒரே ஒரு கேள்வி. அது ஏன் கசந்தது?

அவர் மனைவி


அக்டோபர் 1

அண்ணி,

நான் கசக்கவைத்ததால் கசந்தது.

இரண்டாவது மருந்து என்ன செய்தது என்பதே தெரியாமல் போனது என்று எழுதியிருந்தேன். ஏன் தெரியாமல் போனது என்று எழுதவில்லை. அதுவும் கசப்பு மருந்து. அதற்குச் செய்த வெறும் மாத்திரை நீங்கள் சொன்னது போல வெறும் மாவு. எங்கோ ஒருவர் கடித்துப் பார்த்தார். பேச்சு பரவியது. கசக்காதவர்கள் ஒவ்வொருவராக விலகி வேறு வைத்தியம் தேடிப் போனார்கள். கசந்தவர்கள் வலித்தாலும் வலிக்கவில்லை என்றார்கள். கடைசியில் கையில் இருந்த கணக்கு எதற்கும் உதவவில்லை. கம்பெனி அந்த மருந்தைத் தூக்கிப் போட்டது. அது நல்ல மருந்தாகக்கூட இருந்திருக்கலாம். அதில் சேர்ந்து இறந்துபோனவர்களின் குடும்பத்துக்குச் சொல்ல எங்களிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

இந்த மருந்து என் கைக்கு வந்தபோது நான் முதலில் கேட்டது, வெறும் மாத்திரையும் இதே அளவு கசக்க வேண்டும் என்பதுதான். மாத்திரை செய்யும் பிரிவில் சிரித்தார்கள். "மருந்தோட கசப்ப மறைக்கத்தான் டாக்டர் நாங்க படிச்சோம். நீங்க ஒண்ணுமில்லாததுக்குக் கசப்பு கேக்குறீங்க" என்றார் ஒருவர். தீங்கில்லாத கசப்புப் பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கலந்தார்கள். திரும்பத் திரும்ப மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டையும் நானே வாயில் வைத்துத் துப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்று பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்தபோது, ஐந்து பேருக்கும் கசந்தது என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்து பேருக்கும் அசல் விழுந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தீர்கள். வெறும் மாத்திரையும் கசக்கும் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த முறை அறை முழுக்க அது தெரிந்திருக்கும். சிலர் மாத்திரையை வெளியே லேபில் கொடுத்துப் பார்ப்பார்கள், சிலர் விலகிப் போவார்கள். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளக்கூடியவர் அல்ல. முடிவு செய்யாதீர்கள் என்று மட்டும் எழுதினேன். எழுதினேன் அல்லவா?

ஒன்று எனக்குப் புரியவில்லை. முதுகெலும்புக்குப் போயிருந்தால் வலி முன்பே வந்திருக்கும். ஸ்கேன் நாள் வரை ஏன் காத்திருந்தார்? அவருக்கு வலித்ததா? நர்ஸிடம் சொன்னாரா?

விடுப்புக் கேட்டிருக்கிறேன். வரட்டுமா?


அக்டோபர் 14

டாக்டர் அவர்களுக்கு,

வலித்தது. ஜூன் மாதத்திலிருந்து வலித்தது.

உங்கள் கம்பெனி கொடுத்த தாளில், மருந்து எடுக்கும்போது எலும்பும் மூட்டும் வலிக்கலாம் என்று இருந்தது. நான் அதைச் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினேன். "வலிச்சா நல்லதுதாங்க, மருந்து உள்ள போய் வேலை செய்யுது" என்றேன். ஒவ்வொரு காலையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். எழுந்துகொண்டே, "தங்கச்சி மருந்து பிடிச்சிருச்சு" என்று சிரிப்பார். வலிக்கும்போதெல்லாம் உங்களைத்தான் சொன்னார். ஷூ மாட்ட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டும் அதையே சொன்னார்.

நர்ஸிடம் சொன்னாரா என்று கேட்கிறீர்கள். சொன்னால் லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். அசல் மருந்து கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தார். வலி உண்டா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றார். அந்தப் பயம் மே மாதத்தில் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். நடை இல்லை. "ஜூன்லயே வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வலித்தால் நல்லது என்று சொன்னது என் வாய்தான். அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தக் கசப்பு. அதைச் செய்தது நீங்கள். ஒரு வரி எழுதியிருக்கலாம். அறை முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், சொல்லியிருப்பேன். இவரைப் பார்த்துத் தன் வலியையும் மறைத்த குடைக்காரரும் நர்ஸிடம் சொல்லியிருப்பார்.

வர வேண்டாம். அவர் கேட்டால் மீட்டிங் என்று சொல்லிக்கொள்கிறேன். அவருக்குப் பழகிய பதில்தான்.

அவர் மனைவி


ஜனவரி 19

அண்ணி,

நீங்கள் பதில் போடமாட்டீர்கள் என்று தெரியும். இது செய்தித்தாளில் வருவதற்கு முன் என்னிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

மருந்து வேலை செய்கிறது.

முழுக் கணக்கும் முடியும் முன் இடையில் ஒருமுறை பார்ப்பதற்கென்று வெளியாட்களின் குழு ஒன்று உண்டு. அவர்கள் பார்த்துவிட்டு, இனி மறைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அறையில் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு கோடுகள். மருந்து எடுத்தவர்களின் கோடு மேலே ஏறக்குறைய நேராகப் போகிறது. வெறும் மாத்திரை எடுத்தவர்களின் கோடு படிப்படியாக இறங்குகிறது. ஒருவருக்குக் கட்டி திரும்பினால் ஒரு படி. எது யாருடைய படி என்று அதில் இருக்காது. ஏழாவது மாதத்துக்கு நேரே இருந்த படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைதட்டினார்கள். "வெறும் மாத்திரையைக் கசக்க வெச்சதே இவங்கதான்" என்று தலைவர் என்னைக் காட்டிச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு எனக்கும் கொடுத்தார்கள். காகிதத் தட்டோடு என் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

கீழ்க்கோடு இறங்கியதால்தான் மேல்கோட்டுக்கு அர்த்தம் வந்தது. அண்ணனும் சேர்ந்துதான் இந்த மருந்தை ஜெயிக்கவைத்தார். இதை ஆறுதலாக எழுதவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வெறும் மாத்திரை எடுத்த எல்லோருக்கும் இனி மருந்து கொடுப்பார்கள். கட்டி திரும்பியவர்களைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள். அதற்கு மட்டும் சண்டை போட்டேன். அண்ணனுக்கு அவருடைய டாக்டர் மூலமாக வரும். வந்ததை விரட்டுமா என்று இந்த மருந்தைச் சோதித்ததில்லை. நம்புங்கள் என்று சொல்ல என்னால் முடியாது.

ஏப்ரல் கடிதத்தை மறுபடி எழுதச் சொன்னால் என்ன எழுதுவேன் என்று பல நாள் யோசித்தேன். அதையேதான் எழுதுவேன். வலியை மறைக்காதீர்கள் என்று ஒரு வரி கூட்டியிருப்பேன். கசப்பைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். இதை உள்ளே வைத்துக்கொண்டு உங்களிடம் மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாக இருக்கும். அதனால் கேட்கவில்லை.

அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் எழுதுங்கள். திட்டினாலும் சரி.

நாத்தனார்


பிப்ரவரி 8

டாக்டர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் சொல்லி எழுதுகிறேன்.

மாத்திரை வந்தது. நர்ஸம்மாவே மேலே ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. "நான் கீழ இறங்குனாத்தான் அது மேல ஏறும்" என்று அவர் அவளிடம் சொல்ல, அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

தலையணை வைத்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. "என் டூல் பெட்டிய எடுத்துட்டு வா" என்றார். அடித்தட்டில், ஸ்குரூ போட்டு வைக்கிற டப்பாவில் ஒரு பழைய மாத்திரை இருந்தது. செப்டம்பரில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றை எனக்கே தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

"இதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்றேன்.

"சும்மா இரு. ஒரு செக்கிங்தான்."

பழையதை முதலில் கடித்தார். கிண்ணத்தை நீட்டினேன், துப்பினார். வாயை நாலு தடவை கொப்பளித்தார். பிறகு புதியதைக் கடித்தார். அதைத் துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்று, முழுவதையும் விழுங்கினார். ஒரு மிஷின் ஓடுகிற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பாரே, அப்படி இருந்தது முகம்.

"ரெண்டும் ஒண்ணுதான். துளி வித்தியாசம் இல்ல" என்றார். "சுத்தமான வேலை. அவகிட்ட நான் சொன்னேன்னு எழுது."

எழுதிவிட்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலாகவும் சொல்லவில்லை. உங்களுக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்த அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாராமே, அந்த முகத்தோடு சொன்னார். இப்போது அவர் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். என்னால் தாங்க முடியவில்லை. அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி